நாயுடு லைனுக்குப் பத்து ஜன்னல்

வலியுல்லா மேஸ்திரி தன் கையால் கட்டிய வீட்டிலேயே பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் குடியிருந்தவர். கொத்தனார்களில் அந்தக் கொடுப்பினை எல்லாருக்கும் வாய்க்காது. வாய்த்தவர்கள் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்படுவார்கள். வலியுல்லா மட்டும், "இந்த லைனைக் கட்டினது யாரு பாய்?" என்று யாராவது கேட்டால், வானத்தை அண்ணாந்து பார்த்து மழை வருமா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்.

அதிலும் ஒரு கஷ்டம் இருந்தது. அந்த லைனில் நின்று அண்ணாந்தால் வானம் தெரியாது.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு நாலடிச் சந்து. சந்தின் ஒரு பக்கம் எண்ணெய்க் கிடங்கின் உயரமான சுவர். மறுபக்கம் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து அறை. அதுதான் நாயுடு லைன். கிடங்கின் தகரமும் லைனின் ஓடும் தலைக்கு மேலே ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றதால், சந்துக்குள் உச்சிவேளையிலும் அந்தி சாய்ந்த மாதிரிதான் இருக்கும். அறைகளின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் சாரங்கபாணி நாயுடுவின் தோட்டம். மாமரம், கிணறு, துளசி மாடம், கடற்காற்று எல்லாம் அங்கே குடியிருந்தன.

1917-இல் நாயுடு வலியுல்லாவைக் கூப்பிட்டு, "தோட்டத்துக்கு ஒரு மதில் வேணும்பா. அந்த மதிலையே பின்சுவரா வெச்சுக்கிட்டு பத்து ரூம் இழுத்துடு" என்றார். மதிலில் யாராவது ஜன்னல் வைப்பார்களா? வலியுல்லாவும் வைக்கவில்லை. அறைக்கு ஒரு கதவு. அதுவும் அவர் குனிந்து போகிற உயரம்; அவர் ஒன்றும் நெட்டை ஆள் கிடையாது.

வேலை முடிந்த மாசம் பெய்த மழையில் அவருடைய சொந்தக் குடிசை உட்கார்ந்துவிட்டது. "ரெண்டே மாசம்" என்று சொல்லி, மனைவி அமீனா பீயையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு நாலாம் நம்பர் அறைக்கு வந்தார். அந்தக் குழந்தை அங்கேயே வளர்ந்து, பன்னிரண்டு வயதில் வாணியம்பாடிக்குக் கல்யாணமாகிப் போயும்விட்டது. ரெண்டு மாசம் இன்னும் முடியவில்லை.

அமீனா பீக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அடுப்புப் புகையில் இருமிக்கொண்டே பக்கத்து அறை அங்காளம்மாளிடம் சொல்வாள்: "ஊரு உலகத்துல மனுசன் கபரை அடுத்தவன்தான் தோண்டுவான். எங்க ஊட்டுக்காரரு பாரு, அவரு கபரை அவரே கட்டிக்கினு, வாடகையும் குடுத்துக்கினு கீறாரு."

"உனுக்கும் சேத்துதானே கட்டிக்கீறாரு. பெரிய மனசு பாய்க்கு" என்பாள் அங்காளம்மாள். அவள் நொச்சிக்குப்பத்திலிருந்து கருவாடு வாங்கி வந்து, கூடையில் வைத்து அபிராமபுரம் வரைக்கும் விற்பவள். விற்காமல் மிஞ்சியது அவளோடு ஐந்தாம் நம்பரில் தங்கும்.

வலியுல்லா இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் கரணையைத் துடைத்துக்கொண்டிருப்பார். காதில் போட்டுக்கொண்டால் பதில் சொல்ல வேண்டுமே.

1929 சித்திரையில் ஒரு நாள், சந்துக்குள் ஒரு சைக்கிள் நுழைந்தது. காக்கி அரைக்கால் சட்டை, தலையில் சோலா தொப்பி, கையில் அளவு நாடா. கார்ப்பரேஷன் சானிடரி இன்ஸ்பெக்டர் லூர்துசாமி. சாந்தோம்காரர், வயது இருபத்தெட்டு இருக்கும். வேலைக்கு வந்து ஆறு மாசம்தான் ஆகியிருந்ததால் எல்லாவற்றையும் அளக்க வேண்டும் என்ற ஆசை இன்னும் அவருக்குப் போகவில்லை.

வெயிலிலிருந்து நேராக ஐந்தாம் நம்பருக்குள் போனவருக்குக் கண் இருட்டிவிட்டது.

"யாரும்மா உள்ளே?"

"நான்தான் சாமி. உன் பக்கத்துலயே நிக்கிறேன்."

லூர்துசாமி திடுக்கிட்டுப் பின்வாங்கி, கைக்குத் தட்டுப்பட்ட முக்காலியில் உட்கார்ந்தார். முக்காலி நொறுநொறுவென்று சத்தம் போட்டது.

"சாமி, அது நெத்திலி" என்றாள் அங்காளம்மாள் நிதானமாக.

சட்டையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்த இன்ஸ்பெக்டர், மற்ற ஒன்பது அறைகளையும் தீக்குச்சி கொளுத்திக்கொண்டு அளந்தார். ஒரு பெட்டி தீப்பெட்டி காலியாயிற்று. நாலாம் நம்பரில் அமீனா பீ இருமுவதைக் கேட்டு நின்றார்.

"எத்தனை நாளாம்மா இந்த இருமல்?"

"நாளா? வருசத்துல கேளுங்க, சொல்றேன்."

"புகை போக வழியே இல்லையே! வெளிச்சமும் இல்லை, காத்தும் இல்லை. கோழிக் கூண்டுலகூட நாலு ஓட்டை இருக்கும். யார் கட்டினது இதை?"

வாசலில் நின்றிருந்த வலியுல்லா அண்ணாந்து பார்த்தார். தகரம்தான் தெரிந்தது. வேறு வழியில்லாமல், "யாரோ ஒரு மடையன் சார்" என்றார்.

அறைக்குள்ளிருந்து இருமலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எது எங்கே முடிந்தது என்று சொல்ல முடியவில்லை.

ஒரு வாரத்தில் சாரங்கபாணி நாயுடுவுக்கு நோட்டீஸ் வந்தது.

நாயுடுவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. கோர்ட்டில் முப்பது வருஷம் நகல் எழுதி ரிட்டயர் ஆனவர். தீர்ப்பில் இருக்கும் கால்புள்ளியை நகலில் விட்டுவிட்டதாக ஒரு நாளும் பேச்சு வாங்கியதில்லை. காகிதத்தில் எழுதியிருப்பதைச் செய்வார்; எழுதாததைச் செய்ய மாட்டார். பொய் சொல்ல மாட்டார். கேட்காததைச் சொல்லவும் மாட்டார். ரிட்டயர் ஆன பிறகு படிப்பதற்கு நல்ல காகிதம் ஒன்றும் கிடைக்காமல் வாடிப்போயிருந்தவருக்கு, கார்ப்பரேஷன் முத்திரையோடு வந்த நோட்டீஸ் விருந்து மாதிரி இருந்தது. மூன்று தரம் படித்துவிட்டு வலியுல்லாவுக்கு ஆள் அனுப்பினார்.

"கேளுப்பா. 'ஒவ்வோர் அறைக்கும் மூன்று அடி உயரமும் இரண்டு அடி அகலமும் உள்ள ஜன்னல் ஒன்று வைக்கப்பட வேண்டும்.' வெச்சுடு."

வலியுல்லாவுக்கு மனசு துள்ளியது. "நாளைக்கே சுவரை உடைக்க ஆரம்பிச்சுடறேன் நாயுடுகாரு."

"சுவரை எதுக்கு உடைக்கறே?" நாயுடு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஜன்னல் வைக்கச் சொல்லியிருக்கு. சுவரை உடைக்கச் சொல்லி எங்கே இருக்கு? காட்டு பார்ப்போம்."

வலியுல்லா காகிதத்தைக் குனிந்து பார்த்தார். அவருக்கு எழுத்து வராது. எழுதியிருந்தாலும் காட்டியிருக்க முடியாது.

ஆகவே பத்து அறைகளிலும் ஜன்னல் வைத்தார். சட்டம் அடித்து, கம்பி போட்டு, இரட்டைக் கதவு மாட்டி, பச்சை வர்ணம் பூசி, உடைக்காத பின்சுவரின் மேல் அப்படியே பதித்தார். வேலை சுத்தமான வேலை. கதவைத் திறந்தால் செங்கல் தெரியும். லைனில் இருந்தவர்களுக்கு அது பிடித்தும் போயிற்று. கம்பிக்குப் பின்னால் சீப்பும் கண்ணாடியும் விளக்கும் வைக்க வாகாக இருந்தது. அங்காளம்மாள் கம்பியில் கருவாட்டுச் சரம் தொங்கவிட்டாள்.

"எலி எட்டாது பாய். நல்லா யோசிச்சு வெச்சுக்கீறே" என்று பாராட்டினாள்.

அமீனா பீ மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாத நாட்கள்தான் வலியுல்லாவுக்கு அதிகப் பேஜார்.

லூர்துசாமி வந்தார். வாசலில் நின்றே பச்சைக் கதவைப் பார்த்து முகம் மலர்ந்தது. "அடடே!" என்று போய், இரண்டு கதவையும் விரியத் திறந்து, நல்ல காற்றை இழுக்க முகத்தை நீட்டினார். மூக்கு செங்கலில் இடித்தது.

இரண்டாவது நோட்டீஸ் மறுநாளே வந்தது. கோபத்தில் எழுதியது என்பது எழுத்திலேயே தெரிந்தது. நாயுடு அதையும் ருசித்துப் படித்தார்.

"'அந்த ஜன்னல்கள் சுவரில் திறப்புள்ளவையாயும், அவற்றின் வழியே அறைக்குள் காற்று வரக்கூடியதாயும் இருக்க வேண்டும்.' நியாயம்தான். உடைச்சுடு."

"அல்ஹம்துலில்லா! பின்சுவரைத்தானே?"

"எந்தச் சுவர்னு போடலையே." நாயுடு விரலால் காகிதத்தைத் தட்டினார். "எந்தக் காத்துன்னும் போடலை. என் தோட்டத்து மதில்ல ஓட்டை எதுக்கு? ஒண்ணாம் ரூமுக்கும் ரெண்டாம் ரூமுக்கும் நடுவுல ஒண்ணு போடு, ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல ஒண்ணு. அப்படியே போய்க்கிட்டே இரு. இந்தக் காத்து அங்கே போகும், அங்கே இருக்கற காத்து இங்கே வரும். காத்துதானே?"

வலியுல்லா குறுக்குச் சுவர்களை உடைத்து, பச்சை ஜன்னல்களை அங்கே மாற்றினார். அதன்பின் நாயுடு லைனில் நடந்ததைச் சொல்லி மாளாது. ஐந்தாம் நம்பர் கருவாடு பத்தாம் நம்பர் வரைக்கும் மணந்தது. பத்து அடுப்பின் புகையும் ஒன்றாகி, யார் வீட்டில் முதலில் அடுப்பு மூட்டுகிறார்களோ அவர்களை மற்ற ஒன்பது வீட்டாரும் திட்டினார்கள். ஏழாம் நம்பரில் பாடிய தாலாட்டுக்கு மூன்றாம் நம்பர்க் கிழவர் தூங்கிப்போனார். ஏழாம் நம்பர்க் குழந்தை தூங்கவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை போட முடியவில்லை. ஆரம்பித்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் தலை நீட்டித் தீர்ப்புச் சொன்னார்கள்.

அமீனா பீயும் அங்காளம்மாளும் ஜன்னல் கம்பிக்கு இரு பக்கமும் உட்கார்ந்து பொழுது முச்சூடும் பேசினார்கள். ஆனால் பேச்சுக்கு நடுவில் இருமல் வந்தால் அமீனா பீ சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டியிருந்தது. பத்து வீட்டுப் புகையும் இப்போது அவள் பங்குக்கு வந்தது. ஒரு மத்தியானம் வேலையிலிருந்து திரும்பிய வலியுல்லா, அவள் அறைக்குள் இருக்க முடியாமல் சந்துமுனையில் கச்சேரி ரோட்டு வெயிலில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குந்தியிருப்பதைப் பார்த்தார்.

"இங்க இன்னா பண்றே?"

"மூச்சு வுடறேன்" என்றாள். அதில் கேலி ஒன்றும் இல்லை.

வலியுல்லா சோற்றுத் தூக்கைக் கூட உள்ளே வைக்காமல் நேராகக் கார்ப்பரேஷன் டிவிஷன் ஆபீஸுக்கு நடந்தார்.

லூர்துசாமி மேஜைமேல் முழங்கையை ஊன்றி, தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். எதிரே மூன்றாவது நோட்டீஸுக்கான காகிதம் வெள்ளையாகக் கிடந்தது.

"வாங்க மேஸ்திரி. உங்க வீட்டுக்காரர் நோட்டீஸ்ல ஓட்டை போடறார். சுவத்துல போட மாட்டேங்கறார். நான் என்ன எழுதட்டும் சொல்லுங்க?"

வலியுல்லா துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "சார், அன்னிக்கு ஒரு மடையன் கட்டினான்னு சொன்னேனே..."

"ஆமா."

"அந்த மடையன் நான்தான்."

லூர்துசாமி நிமிர்ந்து பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் காலால் தள்ளி, "உட்காருங்க" என்றார். "அப்போ அந்த வீட்டோட சங்கதி உங்களைவிட யாருக்குத் தெரியும்? நீங்களே சொல்லுங்க. நான் எழுதறேன்."

வலியுல்லா உட்காரவில்லை. கண்ணை மூடி, நாலாம் நம்பருக்குள் போய் நின்றுகொண்டவர் போல் நின்றார்.

"காத்துன்னு எழுதாதீங்க. காத்தை யாரும் கண்ணால பாத்ததில்ல, அவரு டபாய்ச்சுடுவாரு. வெளிச்சம்னும் வேணாம், விளக்கு வெச்சுடுவாரு." கண்ணைத் திறந்தார். "வானம்னு எழுதுங்க சார். அத்த அவரால செஞ்சு வெக்க முடியாது."

லூர்துசாமியின் பேனா நின்றது. "வானமா?"

"ஆமா. ரூமுக்குள்ள எந்த எடத்துல குந்திக்கினு பாத்தாலும் ஜன்னல் வழியா வானம் தெரியணும். அம்மாந்தான். நின்னுக்கினு பாத்தாலும்னு எழுதிடாதீங்க, நெட்டை ஆளைக் கொண்டாந்து நிறுத்திடுவாரு. எந்த எடத்துலன்னு போடுங்க. இல்லாட்டி ஜன்னலாண்ட போய் ஒட்டிக்கினு குந்தி, தெரியுதேம்பாரு."

லூர்துசாமி சிரித்துக்கொண்டே சட்டத்தின் பிரிவு எண்ணைத் தேடி மேலே போட்டார். கீழே மேஸ்திரி சொன்னதைச் சுத்தத் தமிழில் எழுதினார். மேலதிகாரி கையெழுத்துப் போடும்போது 'வானம்' என்ற இடத்தில் புருவத்தை உயர்த்தினாராம். ஆனால் அடித்துவிடவில்லை.

மூன்றாவது நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நாயுடு நாலு நாள் சாப்பாட்டில் கவனமில்லாமல் இருந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கடைசி வரியிலிருந்து மேலே படித்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் வலியுல்லாவைக் கூப்பிட்டபோது, அவர் குரலில் தோற்ற வருத்தத்தைவிட மரியாதைதான் அதிகமாக இருந்தது.

"வலியுல்லா, இதை அந்தச் சின்னப் பையன் எழுதலைப்பா. யாரோ பெரிய கை. முப்பது வருஷ சர்வீஸ்ல நான் இப்படி ஒரு வாசகம் பார்த்ததில்லை. ஊசி நுழைய இடமில்லை."

"அப்படிங்களா" என்றார் எழுத்து வராத வலியுல்லா. அன்றைக்கு அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"உடைச்சுடு. மதில்லயே உடை."

பத்து அறைக்குப் பத்து நாள் ஆயிற்று. ஒன்றாம் நம்பரில் ஆரம்பித்து, குறுக்குச் சுவர் ஓட்டையை அடைத்து, பின்சுவரை வரிசையாக உடைத்துக்கொண்டு வந்தார். நாலாம் நம்பர் முறை வந்தபோது உளியை வைத்து முதல் செங்கலைத் தட்டி எடுத்தார். உள்ளே ஒரு கை அகலத்துக்கு வெயில் விழுந்தது. அமீனா பீ முறத்தில் அரிசி வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் முறத்தில் விழுந்ததும் குனிந்து பார்த்தாள்.

"யா அல்லா! இன்னாங்க இது, இம்மாங் கல்லு?"

"எங்க?"

"அரிசியில! இத்தினி வருசமா கல்லையா பொங்கித் தின்னுக்கினு இருந்தோம்?"

வலியுல்லா இன்னும் நாலு செங்கல்லை எடுத்தார். வெயில் சுவருக்குப் போயிற்று. அமீனா பீயின் கண்ணும் கூடவே போயிற்று.

"பூச்சைப் பாரு, பூச்சை! மேடும் பள்ளமுமா... இத்தக் கட்டினவன் நெசமாவே மடையன்தான்."

பிறகு அவள் எழுந்து ஜன்னலுக்காக வெட்டிய இடத்தில் முகத்தை வைத்து நின்றாள். தோட்டத்துக் காற்று முக்காட்டைத் தள்ளியது. அவள் காதோரத்து முடி பாதிக்கு மேல் நரைத்திருப்பதை வலியுல்லா அன்றைக்குத்தான் பார்த்தார். எப்போது நரைத்தது என்று கேட்க வாயெடுத்தவர், உளியை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உடைக்கப் போய்விட்டார்.

பத்தாம் ஜன்னல் முடிந்த மறுநாள் காலையில் சாரங்கபாணி நாயுடு வழக்கம்போல் கோவணத்தோடு கிணற்றடிக்கு வந்தார். ராம நாமம் சொல்லிக்கொண்டு நாலு வாளி தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கண்ணை மூடிச் சோப்புத் தேய்த்தார்.

"நாயுடுகாரு, முதுவுல நடுவுல விட்டுப்போச்சு" என்று ஒரு குரல் கேட்டது.

கண்ணைத் திறந்தார். பத்து ஜன்னலிலும் பத்து முகம். ஐந்தாவது முகம் அங்காளம்மாள்.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கமா..." என்று அவள் வழிகாட்டினாள்.

நாயுடு துளசி மாடத்துக்குப் பின்னால் பாய்ந்தார். துளசி மாடம் சிறியது, நாயுடு பெரியவர். அன்று மத்தியானம் அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்த நேரத்தில் ஐந்தாம் நம்பரில் வாளைக் கருவாடு வறுபட்டது. மச்சம் மாமிசத்தை விட்டு இருபது வருஷமாகியிருந்த நாயுடு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தார்.

"எனக்கு மறைப்பு வேணும், வலியுல்லா. பத்தடி உயரத்துக்கு மதில் எழுப்பு. இன்னிக்கே!"

"எழுப்பிடலாம் நாயுடுகாரு. ஆனா எங்க எழுப்பறது?" வலியுல்லா தலையைச் சொறிந்தார். "ஜன்னலுக்கு ஒட்டி எழுப்பினா வானம் தெரியாதே. நோட்டீஸு..."

நாயுடு நின்றுவிட்டார். நோட்டீஸை மீறுவது என்பது அவருக்குக் கனவிலும் வராத காரியம்.

"அளந்து பார்த்துடுவோம்" என்றார்.

அங்காளம்மாள் மதிலின் உயரத்துக்குப் பத்தடி மூங்கில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் நின்றாள். மூங்கிலின் நுனியில் வலியுல்லாவின் துண்டு. நாயுடு ஜன்மத்தில் முதல் தடவையாகக் குனிந்து நாலாம் நம்பர் அறைக்குள் நுழைந்தார். பாதி வழியில் நெற்றியை நிலையில் இடித்துக்கொண்டார்.

அமீனா பீ ஜன்னலோரம் பாயை விரித்தாள். "இங்க குந்துங்க."

"அது தப்பும்மா. 'எந்த இடத்தில் உட்கார்ந்தாலும்'னு இருக்கு." நாயுடு அறையைச் சுற்றிப் பார்த்து, எல்லாவற்றையும்விட மோசமான மூலையைத் தேடிப் பிடித்தார். அடுப்புக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடுவில் காலை மடக்கி உட்கார்ந்தார்.

"ஜன்னல்லேருந்து மூணடி!" என்று வலியுல்லா வெளியிலிருந்து கத்தினார். "துண்டுக்கு மேல வானம் தெரியுதா?"

"தெரியலை."

"ஆறடி! இப்போ?"

'தெரிகிறது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தோட்டத்தில் பாதி தப்பியிருக்கும். அவரைத் தவிர அந்த மூலையில் வேறு யாரும் இல்லை. நாயுடு கழுத்தை நீட்டினார், சுருக்கினார்.

"ஓடுதான் தெரியறது. வானம் இல்லை."

"எட்டடி!"

"இல்லைப்பா."

பதினோராவது அடியில் நீலமாக ஒரு கீற்று தெரிந்தது. "தெரியறது" என்றார் நாயுடு. ஆனால் உடனே எழுந்திருக்கவில்லை. வேர்வையில் அவர் மேல்துண்டு உடம்போடு ஒட்டியிருந்தது. அமீனா பீ மண்குவளையில் தண்ணீர் நீட்டினாள். வாங்கிக் குடித்தார்.

"இங்கேதான் இருக்கீங்களா, ஆரம்பத்திலேருந்து?" என்று கேட்டார். எந்தக் காகிதத்திலும் இல்லாத கேள்வி அது.

"ஆமா. இப்போ எவ்வளவோ தேவல" என்றாள் அமீனா பீ.

பதினோரு அடி தள்ளி மதில் எழும்பியது. கிணறு தப்பியது, மாமரம் தப்பவில்லை. அது லைன்காரர்கள் பக்கம் விழுந்துவிட்டது. பழம் யாருக்கு என்று நோட்டீஸில் இல்லாததால் நாயுடு இரண்டு நாள் குழம்பி, கடைசியில் மரத்திலிருப்பது தமக்கு, தரையில் விழுந்தது அவர்களுக்கு என்று தாமே ஒரு தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்த வருஷம் மயிலாப்பூரிலேயே அதிகமாகக் காற்றடித்தது நாயுடு லைனில்தான். வாடகையை ஏற்றுவாரோ என்று எல்லாரும் பயந்தார்கள். வாடகையைப் பற்றியும் நோட்டீஸில் ஒன்றுமில்லை, ஏற்றவில்லை.

அமீனா பீயின் இருமல் அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும். குளிர் மாசங்களில் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் சந்துமுனைக்குப் போய்க் குந்துவது நின்றது. அடுப்பை ஜன்னலுக்குக் கீழே மாற்றிக்கொண்டாள். மழைச் சாரல் அடிக்கிறது, காக்கை ரொட்டியைத் தூக்கிப் போகிறது என்று புதுப் புகார்கள் பிறந்தன. வலியுல்லா அந்தப் புகார்களைப் பாட்டுக் கேட்பது போல் கேட்டார். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, பழைய பூச்சு முழுவதையும் கொத்தி எறிந்துவிட்டு, மட்டப்பலகை வைத்துப் புதிதாகப் பூசினார். அமீனா பீ பக்கத்திலேயே நின்று மேஸ்திரி வேலை பார்த்தாள்.

லூர்துசாமி அதற்குப் பிறகு நோட்டீஸ் எழுதும் முன் பலமுறை வலியுல்லாவைத் தேடி வந்தார். மயிலாப்பூர் சந்துகளில் வீட்டுக்காரர்களுக்குப் புரியாத ஒரு சங்கதி அது. இன்ஸ்பெக்டர் வந்து அளந்துவிட்டுப் போகிறார், வருகிற நோட்டீஸில் ஒரு வார்த்தைகூட நகர்த்த முடியவில்லை, அந்த வேலையைச் செய்யவும் அதே மேஸ்திரிதான் வருகிறார். நாயுடுவிடம் யோசனை கேட்கப் போனவர்களுக்கு அவர், "அந்தப் பெரிய கை எழுதினதா? அப்போ பேசாமல் உடைச்சுடுங்க" என்றே சொல்லி அனுப்பினார். அந்தக் கை யாருடையது என்று கடைசி வரை அவருக்குத் தெரியாது. அமீனா பீ இரண்டு மூன்று தடவை சொல்லிவிடப் பார்த்தாள். வலியுல்லா தடுத்துவிட்டார். "பாவம், மனுசன் சந்தோசமா கீறாரு. விடு."

1934-இல் வலியுல்லாவுக்கு மாம்பலத்துப் பக்கம் வேலை கிடைத்தது. ஏரி இருந்த இடத்தில் தியாகராய நகர் என்று பெயர் வைத்து, நேர் நேராக ரோடு போட்டு, பங்களா பங்களாவாக எழும்பிக்கொண்டிருந்த காலம். ஒரு வக்கீலுக்கு மாடி வீடு. முன் ஹாலுக்கு மட்டும் எட்டு ஜன்னல்; கண்ணாடி சீமையிலிருந்து வந்தது. வலியுல்லா பிளானைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தார். கொல்லைப்பக்கம் சமையல்காரர் தங்கும் அறை வந்தது. நாலு சுவர், ஒரு கதவு.

"இதுக்கு ஜன்னல்?"

"பிளான்ல இல்லை. அவன் அங்கே தூங்கத்தானே போறான்" என்றார் வக்கீல்.

வலியுல்லா தலையாட்டினார். வக்கீல் குடும்பத்தோடு திருப்பதிக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தபோது, சமையல்காரர் அறையில் இரண்டு ஜன்னல்கள், எதிரும் புதிருமாகத் திறந்திருந்தன.

வக்கீல் குதித்தார். யாரைக் கேட்டு, எந்தப் பிளானில், என்று உலுக்கினார். வலியுல்லா கரணையைக் கழுவிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"அடைச்சுடணும்னா அடைச்சுடறேன் சார். நீங்க ஒரே ஒரு மணி நேரம் உள்ள குந்தி, கதவைச் சாத்திக்கினு, இந்த ஜன்னல் ரெண்டையும் மூடிக்கினு பாருங்க. அப்புறமும் அடைன்னு சொன்னா, செங்கல் இங்கதான் கீது."

வக்கீல் வீம்புக்காரர். உள்ளே போனார். கதவும் ஜன்னலும் மூடின. வெளியே சித்திரை வெயில் கொளுத்தியது. சமையல்காரர் ரங்கநாதன் வாசலில் நின்று கையைப் பிசைந்தார். வலியுல்லா வேப்பமர நிழலில் உட்கார்ந்து ஒரு பீடியை எடுத்தார். அதைப் பற்றவைப்பதற்குள் உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது.